நாற்பத்தெட்டு வரிகளில் ஒரு பிள்ளை

என் பேத்திக்கு இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வராது என்று எழுதியிருந்தார்கள். எழுதியது அவள் போகும் டேகேர். அறிக்கை ஆறு பக்கம், நாற்பத்தெட்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: வந்துவிட்டது, வந்துகொண்டிருக்கிறது, இன்னும் இல்லை. எண்ணிப் பார்த்தேன். வந்துவிட்டது எட்டு. வந்துகொண்டிருப்பது பதினொன்று. இன்னும் இல்லை இருபத்தொன்பது. கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு பரிந்துரைகள். ஆகஸ்டில் அவள் வயதுப் பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போகும்போது இவள் இப்போதைய அறையிலேயே, ஒரு வயது சின்னவர்களோடு இருக்கலாம். அதற்குள் பேச்சு வளர்ச்சியைச் சோதிக்க ஒரு நிபுணரிடம் காட்டலாம்.

அன்று காலையில்தான், இர்விங்கில் என் மகளின் அபார்ட்மெண்டில், சாப்பாட்டு மேஜையருகே நின்றுகொண்டு அந்தப் பிள்ளை என்னிடம் சொல்லியிருந்தாள்: "தாத்தா, நீ மூணு தட்டு வச்சிருக்க, அப்பா ஆபீஸ் போகல, ரூம்லதான் இருக்காங்க, அப்போ நாலு தட்டு வேணும்ல?"

பதினான்கு சொல். வயது மூன்றே முக்கால்.

அறிக்கை வந்தது மே மாதம் இரண்டாம் வாரம். அதே வாரம் மகளின் அலுவலகத்தில் அவளுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டி, மிச்சத்தை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அந்தக் கேக்கைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கும். மகள் அடுப்பருகில் நின்றபடியே அறிக்கையைக் கைப்பேசியில் படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள். கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு, குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டாள்.

"பிள்ளைக்கு எதுவும் பிரச்சினை இருக்குமோப்பா?"

"பிள்ளைக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. எழுதினவங்களுக்குத்தான் இருக்கு."

மாப்பிள்ளை மெதுவாகப் பேசுகிறவர். அவர் கவலை வேறு மாதிரி. "மாமா, இங்க எல்லாமே டாக்குமெண்ட் ஆயிடும். ஒரு தடவ ஃபைல்ல ஏறிடுச்சுன்னா ஸ்கூல் வரைக்கும் அது கூடவே வரும்."

ஏறியதை இறக்க வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். ஆறு மாதம் தங்க விசா வாங்கி மார்ச்சில் ஊரிலிருந்து வந்திருந்தேன். கையில் நேரம் இருந்தது. கோபமும் இருந்தது.

நான் முப்பத்துநான்கு வருடம் அரசு வேலையில் புள்ளிவிவரம் சேகரித்தவன். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் நிற்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, எடைபோட்டு எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. அப்படிப்பட்ட சில சதுரங்களை வைத்துத்தான் ஒரு தாலுகாவின் விளைச்சலையே கணக்கிடுவார்கள். சதுரத்துக்குள் ஒரு பிடி கதிர் கூடினாலும் குறைந்தாலும் மேலே போகப் போக அது மூட்டை மூட்டையாகப் பெருகிவிடும். ஆகவே கயிறு கட்டிய இடத்தில் நின்றுகொண்டே எழுத வேண்டும் என்பது விதி. அப்படி நிற்காமல் டீக்கடையில் உட்கார்ந்து எழுதும் எண்களுக்கு எங்களுக்குள் ஒரு பெயர் இருந்தது: நாற்காலி விளைச்சல். அது பார்வைக்கு எப்போதும் வழவழவென்று இருக்கும். மெய்யான எண்ணில் ஏதாவது ஒரு கோணல் இருந்தே தீரும்.

அறிக்கையை அந்தக் கண்ணோடு படித்தேன். மூன்றாம் பக்கத்தில், 'அவன் கட்டைகளை அடுக்குவதில் ஆர்வம் காட்டுகிறான்.' ஐந்தாம் பக்கத்தில், 'அவனுக்குக் கதை நேரம் பிடிக்கும்.' இரண்டு இடத்தில் என் பேத்தி பையனாகியிருந்தாள். யாரோ ஒரு பையனின் அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அவன் அறிக்கையில் என் பேத்தியின் ஆர்வங்கள் எத்தனை போய் ஒட்டிக்கொண்டனவோ, யார் கண்டது.

டேகேர் ஒரு ஆப் மூலமாகத் தினமும் படம் அனுப்பும். ஜனவரியில் அவளைச் சேர்த்ததிலிருந்து வந்த படங்களை மகளின் கைப்பேசியில் முதலிலிருந்து பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு. அவள் முகம் தெரிவது அறுபத்தொன்றில். முதுகு மட்டும் தெரிவது நாற்பதில். மீதி நூற்றுப் பதின்மூன்றில் தரை, மேஜை, சாயம் அப்பிய கைகள், மற்றப் பிள்ளைகள். படத்துக்குக் கீழே ஒரு வாக்கியம் இருக்கும். 'இன்று நாங்கள் தண்ணீரோடு விளையாடி மகிழ்ந்தோம்.' 'இன்று நாங்கள் இலைகளைச் சேகரித்து மகிழ்ந்தோம்.' மகிழ்ந்தோம் என்ற சொல் எழுபத்துமூன்று முறை. தண்ணீரை வைத்து இவள் என்ன செய்தாள்? ஊற்றினாளா, கொட்டினாளா, எந்தக் கோப்பையில் அதிகம் பிடிக்கும் என்று பார்த்தாளா? ஒரு வரி இல்லை. பிள்ளை என்ன கற்றது என்பதற்கான பதிவு என்று இதைத்தான் சேர்த்துவைக்கிறார்கள்.

சாயங்காலம் அவளை அழைத்து வருவது என் பொறுப்பாயிற்று. வீட்டிலிருந்து ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு அடி. அதில் கடைசி முந்நூறு அடிக்கு நடைபாதை கிடையாது, புல்மேல் நடக்க வேண்டும். கார்க்காரர்கள் வேகத்தைக் குறைத்து, இந்தக் கிழவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போவார்கள். நான் பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய் வகுப்பறைக் கதவின் கண்ணாடி வழியே பார்க்க ஆரம்பித்தேன். பதின்மூன்று பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். வகுப்பின் பொறுப்பு மூத்தவருக்கு. ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் கயிறு கோத்த கண்ணாடி. அவர் கையில் பெரும்பாலும் டேப்லெட் இருந்தது. முதல் நாள் பதினைந்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் என்று கணக்கிட்டேன்.

என் பேத்தி மூலையில் நான்கு பிளாஸ்டிக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒன்றிடம் விரலை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் அசைவது தெரிந்தது. ஒரு கோப்பைக்கு நீண்ட கண்டிப்பு கிடைத்தது. ஆசிரியை வந்தார், அவளைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார், படம் எடுத்தார், போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே படம் வந்து சேர்ந்தது: 'கோப்பைகளோடு விளையாடி மகிழ்ந்தோம்.'

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் வாரத் திட்டம் ஒட்டியிருக்கும். ஐந்து நாள், நாளுக்கு ஆறு கட்டம். அந்த வாரம் அளவு: எது நீளம், எது குட்டை. திட்டத்தின் அடியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இலக்கு. பெயரைப் போடக் கூடாதாம், ஆகவே பிள்ளைக்கு ஒரு படம். என் பேத்திக்கு வாத்து. வாத்துக்கு எதிரே எழுதியிருந்தது: 'இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச ஊக்குவிக்க வேண்டும்.'

போகிற வருகிற பெற்றோர் எல்லாரும் படிக்கும் இடத்தில் அது இருந்தது. வாத்து யார் என்று தெரிந்துகொள்வது ஒன்றும் கஷ்டம் இல்லை. அவள் அலமாரியிலும் அதே வாத்து.

அன்றே ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், இடம், உடன் இருந்தவர், செய்தது, சொன்னது. ஆறு கட்டம் போதும். எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அழகாக, ஆர்வமாக, மகிழ்ச்சியாக என்று எதுவும் கூடாது. கண்ணால் கண்டது, காதால் கேட்டது, அவ்வளவுதான்.

மே 17, காலை 7.40. வாசல் கதவு. உடன்: நான். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டாள். சொன்னது: "தப்பாத்தான் போட்டேன், ஆனா நடக்க வருது."

மே 21, மாலை 5.10. கார். உடன்: அப்பா, நான். சிக்னலில் நின்றோம். சொன்னது: "பச்சை வந்துட்டு. முன்னாடி உள்ளவங்க போன் பாக்காங்க, அதான் போகல."

மே 24, காலை 9.15. சாப்பாட்டு மேஜை. உடன்: அம்மா, நான். திராட்சையை ஆறு ஆறாக இரண்டு வரிசை வைத்தாள். ஒன்றைத் தின்றுவிட்டு அந்த வரிசையைக் காட்டி: "இது இப்போ அஞ்சு. நான் பாத்துட்டேதான் தின்னேன்."

டேகேரில் பெற்றோர் சந்திப்பு ஜூன் முதல் வாரம் என்று முடிவாயிற்று. அதற்குள் பத்தொன்பது நாளில் நூற்று அறுபத்துமூன்று பதிவுகள் சேர்ந்துவிட்டன. சந்திப்புக்கு நானும் வருவேன் என்றதும் வீட்டில் யாருக்கும் முகம் சரியில்லை.

"அங்க வந்து சண்டை போடக் கூடாதுப்பா."

"சண்டை ஏன் போடுதேன்? எண்ணிக்கை சொல்லப் போறேன்."

"உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாமா, அந்த நோட்டு மட்டும் வேண்டாமே."

"ஏன் மாப்ள?"

"சும்மாதான். அவங்க பயந்துடுவாங்க."

வெள்ளைச் சட்டையும் நீள நோட்டுமாக நான் போய் நின்றால் அவர்களுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த எரிச்சலில் நோட்டுக்கு ஒரு பழுப்புத்தாள் அட்டையும் போட்டேன்.

சந்திப்பு வகுப்பறையிலேயே நடந்தது. பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளில்தான் எங்களுக்கும் இடம். முழங்கால் நெஞ்சில் இடித்தது. அப்படி உட்கார்ந்துகொண்டு யாராலும் கம்பீரமாகக் கோபப்பட முடியாது. எதிரே மூத்த ஆசிரியை, அவருக்குப் பக்கத்தில் டேகேரை நடத்தும் இளம்பெண். பேச்சு ஆங்கிலத்தில்தான். என்னுடையது கோப்புகளில் பழகிய ஆங்கிலம், ஆனால் தப்பு வராது.

முதலில் பையனான விஷயத்தைச் சொன்னேன். மூன்றாம் பக்கம், ஐந்தாம் பக்கம் என்று திருப்பிக் காட்டினேன். ஆசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது.

"அது என் தவறு. ஒரே வாரத்தில் பதின்மூன்று அறிக்கை எழுதினேன்."

"அப்படியானால் அறிக்கையைச் சிறியதாக வையுங்கள்" என்றேன். "நாற்பத்தெட்டு வரியைப் பதின்மூன்று பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் பார்த்து எழுத யாராலும் முடியாது. அறுநூற்று இருபத்துநான்கு கட்டம். நானாக இருந்தாலும் பாதியை நாற்காலியில் உட்கார்ந்துதான் நிரப்பியிருப்பேன்."

நடத்தும் பெண் இதைக் குறித்துக்கொண்டாள், அல்லது குறித்துக்கொள்வது போலப் பேனாவை அசைத்தாள்.

பிறகு நோட்டைத் திறந்தேன். தேதியும் நேரமும் சொல்லி, அவள் பேசியதை ஆங்கிலமாக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். செருப்பைப் படித்தபோது ஆசிரியை சிரித்துவிட்டார். திராட்சைக்கு வந்தபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார். பன்னிரண்டாவது பதிவில் கையை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இதையெல்லாம் ஆங்கிலத்திலா சொன்னாள்?"

"தமிழில். வேறு எதில் சொல்வாள்? போன வருடம் வரைக்கும் பக்கத்து பிளாக்கில் ஒரு தமிழ் அம்மாவிடம்தான் வளர்ந்தாள். வீட்டிலும் தமிழ்தான்."

என் மகள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

ஆசிரியை எழுந்து போய்க் கோப்பு ஒன்றை எடுத்துவந்தார். அட்டையில் வாத்து. முதல் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பிள்ளையைச் சேர்க்கும்போது வீட்டார் நிரப்பும் படிவம். வீட்டில் பேசும் மொழி: ஆங்கிலம். வேறு மொழிகள்: இல்லை. கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். நான்கு கோடு நோட்டில் கைபிடித்து எழுதவைத்த கையெழுத்து.

அதோடு முடியவில்லை. பிப்ரவரியில் ஆசிரியை ஆப் வழியாக வீட்டுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அதையும் காட்டினார். 'இவள் வீட்டில் வேறு மொழி ஏதாவது பேசுகிறாளா?' மூன்று நிமிடத்தில் பதில் போயிருந்தது. 'இல்லை, ஆங்கிலம் மட்டும்தான்.' பதிலுக்குப் பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திய ஒரு சின்னம். அனுப்பியவர் மாப்பிள்ளை.

அந்தக் கோப்பின் பின்பக்கத்தில் மஞ்சள் ஒட்டுச்சீட்டுகள் இருந்தன. ஆசிரியை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு அவ்வப்போது கையால் எழுதுபவை. அறிக்கைக்கும் ஆப்புக்கும் இவை போவதில்லை. ஒன்றை எடுத்துப் படித்தேன். 'பிப்ரவரி 6, 10.20. பொம்மை மூலை. தனியாக. பொம்மையோடு பத்து நிமிடம் பேசினாள். நீண்ட பேச்சு, நடுவில் நிறுத்தி யோசித்தாள். ஆங்கிலம் இல்லை என்று நினைக்கிறேன். வீட்டில் கேட்க வேண்டும்.'

தேதி இருந்தது. நேரம், இடம், உடன் இருந்தவர் எல்லாம் இருந்தன. தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருந்தது. என் கீழ் வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் இப்படி ஒரு பதிவு எழுதியதில்லை. இத்தனை நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று நான் டேப்லெட்டை மட்டும் எண்ணியிருக்கிறேன். மஞ்சள் சீட்டு என் கணக்கில் வரவே இல்லை.

ஆனாலும் விட மனமில்லை. "உங்கள் காது ஒன்றைச் சொல்கிறது, தாள் வேறொன்றைச் சொல்கிறது. ஏன் தாளை நம்பினீர்கள்?"

"நானும் வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவள்தான், ஐயா. எனக்குச் சந்தேகம் இருந்தது, அதனால்தான் கேட்டேன். அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டதையும், அப்பா மறுபடி உறுதி செய்ததையும் பொய் என்று நான் எப்படி எழுதுவேன்? ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுப் பிள்ளை நான்கு மாதம் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை என்றால், அந்தப் படிவம் கேட்கும் இருபத்தொன்பது இடத்திலும் எனக்கு ஒரே பதில்தான்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த அறையில் பதின்மூன்று படிவம் இருக்கிறது. பதின்மூன்றிலும் ஆங்கிலம்தான்."

நடத்தும் பெண் புதிய படிவம் ஒன்றைக் கொடுத்தாள். அதை நிரப்பித் தந்தால் ஜூன் கடைசியில் ஆசிரியை மறுபடி பார்த்து எழுதுவார், அதுவரை இரண்டு பரிந்துரைகளும் நிறுத்திவைக்கப்படும் என்றாள்.

திரும்பும்போது கார் இரண்டு சிக்னலைத் தாண்டியது. மூன்றாவதில் நான் ஆரம்பித்தேன்.

"யாரு சொல்லி அப்படி எழுதின?"

"எல்லாரும்தாம்ப்பா சொல்றாங்க" என்றாள் மகள். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கோவில் வாசல்ல ஒரு ஆன்ட்டி சொன்னாங்க. தமிழ்னு ஃபில் பண்ணினா, இங்கிலீஷ் தெரியாதுன்னு தனி கிளாஸ்ல உக்கார வச்சிருவாங்களாம். அதுலேர்ந்து வெளிய வரவே வருஷக்கணக்கு ஆகுமாம். நம்ம அபார்ட்மெண்ட்ல ஒருத்தர்கூடத் தமிழ்னு போடல."

"மாப்ள, நீங்க?"

"நான் மீட்டிங்ல இருந்தேன் மாமா. ஃபார்ம்ல என்ன போட்டோமோ அதையே ரிப்ளை பண்ணினேன். மாத்திச் சொன்னா ஏன் பொய் சொன்னீங்கன்னு கேப்பாங்கல்ல?"

"தனி கிளாசுக்குப் பயந்து பொய் எழுதினீங்க. அந்தப் பொய்யாலதான் இப்போ தனியா உக்கார வைக்கப் போறாங்க. பிஇ படிச்ச ரெண்டு பேரு. கோவில் வாசல்ல யாரோ சொன்னா அதுக்காகத் தாளுல பொய் எழுதலாமா? நாப்பத்தெட்டு வரியையும் கெடுத்தது அந்த ஒரு வரி. இதுல அந்த டீச்சரம்மாவை வேற பேச வச்சிட்டீங்க என்னை."

மகள் முன்சீட்டிலிருந்து திரும்பவில்லை. கண்ணாடியில் அவள் கண் மட்டும் தெரிந்தது.

"போன மாசம் என் ஆபீஸ்ல கேக் வெட்டினாங்கல்ல. அது எந்தத் தாளுப்பா?"

மாப்பிள்ளைக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

கேக்கைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். என் மகள் பிறந்தது அக்டோபரில். சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் மே. ஐந்து மாதம் முன்னால் தள்ளி எழுதியது நான். ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு வருடம் ஏன் வீணாக வேண்டும் சார், ஒரு தேதியைச் சொல்லுங்க போட்டுக்கலாம் என்று தலைமை ஆசிரியரே பேனாவைத் திறந்தார். சொன்னேன். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் மே, ஜூனில்தான் பிறந்தார்கள். எண்களைச் சரிபார்ப்பதே பிழைப்பாக இருந்தவன், அன்று மாலை வீட்டுக்கு வந்து நிம்மதியாகக் காபி குடித்தேன்.

"ஒண்ணாங்கிளாஸ்ல எனக்கு எழுத வரலன்னு டீச்சர் நோட்டுல எழுதி அனுப்பினாங்க" என்றாள் மகள். இப்போது குரலில் சண்டை இல்லை. "நீங்க போய் அவங்கள சத்தம் போட்டுட்டு வந்தீங்க. பிள்ளைக்குச் சொல்லித்தரத் துப்பில்லன்னு. அந்த வருஷம் முழுக்க அவங்க என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. சேந்தப்போ எனக்கு அஞ்சு வயசுகூட ஆகலப்பா. பேனா பிடிக்கவே கை வலிக்கும்."

அந்த ஆசிரியை எழுதியது சரியான பதிவு. அவர் முன்னால் இருந்த பிள்ளைக்கு எழுத வரவில்லை, அதைத்தான் எழுதினார். அவரிடம் இருந்த தேதி என்னுடையது. வீட்டுக்குப் போகும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குக் கோபம் குறையவில்லை. யார் மேல் எவ்வளவு என்ற பங்குதான் மாறிப்போனது.

அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் படிவத்தை விரித்தோம். மகள் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்க. தப்பில்லாம இருக்கும்."

"வேண்டாம். என் ராசி உனக்குத் தெரியும். நீயே எழுது."

"தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் போடவா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

நோட்டைப் பார்த்தேன். நூற்று அறுபத்துமூன்று பதிவில் ஆங்கில வாக்கியம் ஒன்பது. "தமிழ் முதல்ல. இங்கிலீஷ் அடுத்தது. கொஞ்சம்னு போடுங்க."

பேத்தி வந்து மேஜை விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டாள். "என்னம்மா எழுதுற?"

"நீ வீட்டுல என்ன பேசுவன்னு எழுதுறேன்."

"நான் நிறையப் பேசுவேன்னு எழுது."

அதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை. குறிப்புகள் என்று ஒரு மூலை இருந்தது. மகள் அங்கே எழுதினாள்.

அடுத்த வாரம் ஆசிரியை என்னிடம் முப்பது தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். தண்ணீர், பசி, வலிக்கிறது, என் முறை, இன்னும் வேண்டும், போதும். நாற்பத்திரண்டு எழுதிக் கொடுத்தேன். அதைத் தன் மேஜைக்கு மேலே ஒட்டிவைத்தார். வாரத் திட்டத்தில் வாத்துக்கு எதிரே இருந்த வரியும் மாறியது: 'அவள் சொல்வதைக் கேட்டு, அதையே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும்.' செய்ய வேண்டியவர் இப்போது பிள்ளை அல்ல, ஆசிரியை. அந்த மாற்றம் எனக்குப் பிடித்திருந்தது. அவர் முதன்முறையாக என் பட்டியலைப் பார்த்து ஒரு சொல்லைச் சொன்னதைக் கண்ணாடி வழியே கண்டேன். என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. என் பேத்தி கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரை முழுதாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தவள் நான் உள்ளே போய் அழைக்கும்வரை நிறுத்தவில்லை.

ஜூன் கடைசியில் புதிய அறிக்கை வந்தது. வந்துவிட்டது இருபத்தொன்பது. வந்துகொண்டிருப்பது பதினான்கு. இன்னும் இல்லை ஐந்து. பரிந்துரைப் பகுதியில் நிபுணரைக் காணோம், அடுத்த அறைக்குப் போகலாம் என்று மட்டும் இருந்தது. மகள் இதையும் அடுப்பருகில் நின்றே படித்தாள், ஆனால் உட்காரவில்லை. 'தன் முறை வரும்வரை காத்திருத்தல்: இன்னும் இல்லை' என்பதை நான் ஏற்றுக்கொண்டேன். வீட்டிலும் அதே நிலைதான். மற்ற நான்கையும் ஒரு வாரம் கவனித்துச் சரிபார்த்தேன். எல்லாம் மெய். பையனாக அவள் எங்கும் மாறவில்லை.

அபார்ட்மெண்டில் மற்றவர்களிடமும் சொல்லச் சொன்னேன். மகள் இரண்டு வீடுகளில் சொன்னாள். ஒரு வீட்டில் படிவத்தை மாற்றினார்கள். இன்னொரு வீட்டில், "உங்க பொண்ணுக்கு ஓகே ஆயிடுச்சு, எங்களுக்கு எதுக்கு ரிஸ்க்?" என்றார்களாம். அந்த வீட்டுப் பையனும் பேத்தியின் அறையில்தான் இருக்கிறான். மூன்றாம் பக்கத்துப் பையன் அவனாகவும் இருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

ஆகஸ்டில் பேத்தி அடுத்த அறைக்குப் போனாள். நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் நோட்டில் கடைசியாக எழுதிய பதினொரு பதிவுகளில் நான்கு ஆங்கிலம். என்னிடமே ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். அறிக்கையின் நாற்பத்தெட்டு வரியில் இதைக் குறிக்க ஒரு கட்டமும் கிடையாது. என் நோட்டில் குறித்துவைத்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மகள் அந்த ஆப்பில் என்னையும் சேர்த்துவிட்டாள். புதிய அறையிலிருந்தும் படங்கள் வருகின்றன. இதுவரை மகிழ்ந்தோம் பதினேழு. ஆனால் அந்த மூத்த ஆசிரியையும் இந்த வருடம் அதே அறைக்கு மாறி வந்திருக்கிறார். போன வாரம் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். படம் இல்லை. மஞ்சள் சீட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தது போல இருந்தது.

'சிற்றுண்டி மேஜை. பிள்ளைகள் அருகில். தட்டுகளை நான் பன்னிரண்டு என்று வைத்தேன். அவள் இல்லை என்று தலையசைத்து இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். முதலில் தமிழில் ஏதோ சொன்னாள், பிறகு ஆங்கிலத்தில், ஒருவன் பாத்ரூமில் இருக்கிறான் என்றாள். நான் அவனை மறந்திருந்தேன்.'

மூன்று முறை படித்தேன். யாரும் மகிழவில்லை, ஆர்வம் காட்டவில்லை. கண்டதும் கேட்டதும் மட்டும். நேரத்தைத்தான் போடாமல் விட்டுவிட்டார். அதைக் கேட்டு எழுதச் சொல்லி மகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.